ஒமிப்ரசோல் 20 மில்லிகிராம்: நாள்பட்ட நெஞ்செரிவுக்கு

மட்டக்களப்பு மருந்துக்கடைகளில் எளிதில் கிடைக்கும் இந்தக் குளிசை, காலை உணவுக்கு அரைமணி நேரம் முன்பு வெறும் வயிற்றில் விழுங்கினால்தான் முழுப்பயன் தருகிறது. ஏனெனில், இரைப்பையில் அமிலம் சுரக்கும் புரோட்டான் பம்புகள் உணவால் தூண்டப்படும் வேளையிலேயே அது அவற்றை முடக்குகிறது. இடியப்பமும் சொதியும் உண்டபின் எடுத்துவிட்டு மருந்தைக் குறைகூறுவது நியாயமன்று. உடனடித் தணிவை எதிர்பார்க்கக் கூடாது. முழு விளைவு தெரியச் சில நாட்களாகும். இரவுநேர எரிவை எனக்கு இது நன்றாகவே அடக்கியது, ஆனால் உறைப்பான மீன்குழம்புடன் சோறுண்டு உடனே படுத்தால் எதுக்களிப்பு வரத்தான் செய்கிறது. உறைக்குள் இருக்கும் மணிகளை மென்றோ அரைத்தோ உட்கொள்ளலாகாது. ஆண்டுக்கணக்கில் தொடர்வோருக்கு மக்னீசியமும் உயிர்ச்சத்து பி12உம் குறையக்கூடும் என்பதாலும், திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னிலும் அதிகமாகச் சுரக்கலாம் என்பதாலும், தொடர்வதையும் குறைப்பதையும் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.