ஆம்பூர் சர்ப்ளஸ் என்று சொல்லி 18,500 ரூபாயைச் சுருட்டிவிட்டான்

பார்சல் வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. இடது ஷூ வாயைப் பிளந்துவிட்டது. 18,500 ரூபாய்! கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கோல்டன் கூஸ் ஸ்னீக்கரைப் பார்த்திருப்பீர்கள். 2000-ல் வெனிஸில் தொடங்கிய கம்பெனி. புது ஷூவையே அழுக்கும் தேய்மானமுமாக, பக்கவாட்டில் ஒரு நட்சத்திரம் வைத்து விற்பார்கள். ஒரிஜினல் அரை லட்சத்தை ஒட்டி வரும். நான் வாங்கியது போட்டோ போடும் ஆப் ஒன்றில் கடை விரித்திருந்த ஒருவனிடம்.

"அண்ணா, அப்பர், அதான் ஷூவோட மேல்பாகம், நம்ம ஆம்பூர்லதான் தைக்கிறாங்க. இத்தாலிக்குப் போனது போக மிஞ்சின பீஸ்" என்றான். அங்கேதான் விழுந்தேன். நான் வேலூர்க்காரன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து வெளிநாட்டுக்கு அப்பரும் முழு ஷூவும் போவது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் மாமாவே ஷூ கம்பெனியில் லாஸ்டிங்கில், அதாவது அப்பரை அச்சில் இழுத்து வடிவம் கொடுக்கும் வேலையில், இருபது வருடம் நின்றவர். வேறு ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். வீடியோ காலில் பெட்டியைக் காட்டினான், ரெண்டு ஜோடிதான் இருக்கு என்றான். காட்பாடி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபடியே யூபிஐயில் தட்டிவிட்டேன்.

வந்ததில் நட்சத்திரம் கோணல், ஓரமெல்லாம் பசை. கேட்டேன். "அந்த பிராண்டோட ஸ்டைலே அதான் அண்ணா, பழசு மாதிரி இருக்கணும்." அதையும் நம்பினேன் பாருங்கள்! நாலாம் நாள் சோல் விட்டது. அதுவும் ஸ்டைலாம். அப்புறம் "ஓனர்கிட்ட கேக்கறேன்", "கூரியர்ல அடிபட்டிருக்கும்", "வெயில்ல வெச்சீங்களா?" வேலூரில் வெயில் படாமல் எங்கேடா வைப்பது? நேற்று ராத்திரி பிளாக் பண்ணிவிட்டான்.

மாமாவிடம் கொண்டுபோனேன். ஷூவின் நாக்கை மடக்கி, வெட்டு ஓரத்தை நகத்தால் கீறினார். மேல்பூச்சு உரிந்து வெள்ளைத் துணி தெரிந்தது. "ரெக்சின்டா இது. சோல் ஒட்டற எடத்துல ரஃபிங்கே பண்ணல, பசை பிடிக்கிற மாதிரி சொரசொரப்பாத் தேய்க்கவே இல்ல, சும்மா பசையைத் தடவி அமுக்கியிருக்கான். இதுக்கு ஆம்பூர் பேரா?" எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டார். மூவாயிரம் என்றேன். அதற்கே திட்டு விழுந்தது.

இந்த மாதிரி ஷூ வாங்கலாமா, போடலாமா என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. ஒரிஜினலே கிடைத்தாலும் அழுக்குக்கு அரை லட்சம் எதற்கு? பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு நடை நடந்தால் சும்மாவே வந்துவிடும்.

சரி, இதை மட்டும் செய்யுங்கள். கடை முகவரியும் ஜிஎஸ்டி பில்லும் இல்லாதவனுக்குப் பணம் போடாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ஏமாந்தது தெரிந்த உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு போன் அடியுங்கள், என்னைப் போல ஒன்பது நாள் கெஞ்சிக்கொண்டிருக்காதீர்கள். 18,500 ரூபாய்... இப்போதுதான் எனக்கு லைன் கிடைத்திருக்கிறது, மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன்.