"21 நாளில் தன்னம்பிக்கை": மட்டக்களப்பில் காசு கட்டுமுன் இதை வாசியுங்கள்

பேஸ்புக்கில் ஓடும் அந்த விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். கோட் போட்ட ஒருவர், பின்னால் கல்லடிப் பாலம், "21 நாளில் தன்னம்பிக்கை, மன அமைதி உத்தரவாதம்" என்று மஞ்சள் எழுத்து. ஆளின் பெயரை நான் இங்கே போடவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன், தெரிந்தவர்களுக்குப் புரியும்.

எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறேன். வகுப்பில் நன்றாகக் கதைப்பேன், ஆசிரியர் கூட்டத்தில் வாய் திறக்க வராது. அதிபர் முகம் சுளித்தால் அன்றிரவு நித்திரை போய்விடும். யாராவது பாராட்டினால் "சும்மா சொல்றாங்க" என்றுதான் தோன்றும். இதற்கெல்லாம் உளவளத்துணை உதவும் என்று தெரிந்துதான் போனேன். அதில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

முதல் நாளே "மன ஸ்கேன்" என்று ஒரு தாளைத் தந்தார்கள். பத்து வசனம், ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, விடைக்குப் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி. அவர் கூட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், உங்களுக்கு முப்பதுக்குப் பதினாலுதான். பாதித் தன்னம்பிக்கைகூட இல்ல. இப்படியே விட்டா டிப்ரஷன்லதான் போய் முடியும்" என்றார். கேட்டதும் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து, முழுக் காசையும் இன்றே கட்டினால் கழிவு என்றார். 18,000 ரூபாய். பாதியைக் கையில் வாங்கினார், மீதியை வங்கியில் போடச் சொன்னார். பற்றுச்சீட்டு பிறகு வரும் என்றார், வரவே இல்லை.

என்னோடு வந்தவர்களில் ஒரு அக்கா இருந்தார். கடைக்காரரோடு நேர்நின்று பேரம் பேசும் ஆள், பயம் என்றால் என்னவென்று தெரியாது. அவருக்கு 15. எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு தம்பி, அவனுக்கும் 15. கணக்கு டீச்சருக்கு இது பொறுக்குமா? வீட்டுக்கு வந்து தேடினேன். அந்தத் தாள் 1965இல் மொரிஸ் ரோசன்பேர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் வெளியிட்ட சுயமதிப்பு அளவுகோலின் தமிழ்ப் பிரதி. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, உலகம் முழுக்க ஆய்வுகளில் பயன்படுகிறது. அளவுகோலில் பிழை இல்லை. அதில் ஐந்து வசனம் தன்னைப் பற்றி நல்லதாகவும் ஐந்து கெட்டதாகவும் இருக்கும். புள்ளி போடும்போது கெட்ட ஐந்துக்கும் தலைகீழாகப் போட வேண்டும்: முழுதாக ஒத்துக்கொண்டால் பூச்சியம், முழுதாக மறுத்தால் மூன்று. இவர் அப்படியே கூட்டியிருக்கிறார்.

கணக்கைப் பாருங்கள். தன்னை மிக உயர்வாக நினைப்பவர் நல்ல ஐந்துக்கும் மும்மூன்று எடுத்து 15, கெட்ட ஐந்துக்கும் பூச்சியம். தன்னை அடியோடு வெறுப்பவர் நல்லதில் பூச்சியம், கெட்டதில் 15. ஆகக் கூட்டினால் இரண்டு பேருக்கும் 15! யார் போனாலும் பாதிக்குக் கிட்டத்தான் வரும். தெரியாமல் செய்தாரோ தெரிந்து செய்தாரோ, எல்லாரிடமும் "உங்களிடம் பாதிதான் இருக்கிறது" என்று சொல்லிக் காசு வாங்க அது போதும். அதோடு, அந்தத் தாளை மட்டும் வைத்து யாருக்கும் டிப்ரஷன் என்று சொல்லவும் முடியாது.

அடுத்த முறை மரியாதையாகத்தான் கேட்டேன், "சேர், எதிர்மறை வசனங்களுக்குப் புள்ளியை மாத்திப் போட வேணாமா?" என்று. "பாத்தீங்களா, எதையும் சந்தேகப்படுறீங்க. இதுதான் உங்கட பிரச்சினை" என்றார். பதில் அவ்வளவுதான்.

வகுப்பு என்பது கண்ணாடி முன் நின்று "நான் வெற்றியாளர், என்னை எல்லாரும் விரும்புகிறார்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்வது. சொல்லச் சொல்ல எனக்கு உள்ளே "பொய், பொய்" என்று ஒன்று கத்தியது. 2009இல் கனடாவில் ஜோஆன் வூட் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சுயமதிப்பு குறைந்தவர்களில் இப்படிச் சொன்னவர்களின் மனநிலை, சொல்லாதவர்களுடையதைவிடக் கீழேதான் இருந்தது.

இதெல்லாம் காசோடு போகட்டும். மன்னிக்க முடியாதவை இரண்டு. மாமியைப் பற்றி அவரிடம் தனியாகச் சொன்ன ஒரு விஷயம் என் கணவரின் காதுக்குப் போனது. "உங்கட மிஸிஸுக்கு அடுத்த கட்டக் கோர்ஸ் தேவைப்படுது, வீட்டில மாமியோட சரியில்லையாமே" என்று ஃபோன் எடுத்திருக்கிறார். கோர்ஸ் விற்பதற்காக! எங்கள் ஊரில் ஒரு சொல் வெளியே போனால் அது எங்கெங்கு சுற்றும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றது, கிளினிக்கில் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த ஒருவரை "அதெல்லாம் மூளையை மழுங்கடிக்கும்" என்று நிறுத்தச் சொன்னது. மனச்சோர்வு மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், நித்திரையின்மை, பதற்றம் எல்லாம் வரலாம். நிறுத்துவதென்றால் வைத்தியர் படிப்படியாகக் குறைப்பார். மாத்திரையை விட்ட அந்த ஆள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். நல்லவேளை, மறுபடி கிளினிக்குக்குப் போய்விட்டார்.

பிறகு எங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் போனேன். ஒரு சதம் செலவில்லை. உட்கார்ந்ததும் அவர் சொன்னது: "நீங்க சொல்லுறது இந்த அறையோட. உங்கட உயிருக்கோ வேற ஒருத்தர்ர உயிருக்கோ ஆபத்தென்டா மட்டும்தான் நான் வெளிய சொல்ல வேண்டி வரும்." எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்டேன். "இப்பவே சொல்ல ஏலாது டீச்சர்" என்றார். களைப்பு, நித்திரை பற்றி விசாரித்து, தைரொயிட் குறைந்தாலும் இப்படி மனம் சோரும், முதலில் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துக்கொண்டு வாருங்கள் என்றார். இப்போது கொப்பியில் எழுதுகிறேன்: என்ன நடந்தது, நான் என்ன நினைத்தேன், அதற்கு என்ன ஆதாரம். அதிபர் முகம் சுளித்தது என்னால்தான் என்பதற்கு ஆதாரம் தேடினால் அநேகமாக ஒன்றும் அகப்படாது. கூட்டத்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள் என்பது போன்ற சின்னச் சின்ன வேலையும் தருவார். மெதுவாகத்தான் போகிறது, ஆனால் போகிறது.

சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் உளவளத்துணைப் பயிற்சிகள் எத்தனையோ நடந்தன. அதில் உருவான நல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். பட்டறைச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள். ஆகவே எங்கே, எவ்வளவு காலம் படித்தீர்கள், நான் சொல்வதை யாரிடமெல்லாம் சொல்வீர்கள் என்று நேரே கேளுங்கள். டொக்டர் என்று போட்டிருந்தால் இலங்கை மருத்துவச் சபைப் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். உத்தரவாதம் தருபவர், மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், வீட்டுக்காரருக்கு ஃபோன் எடுப்பவர் என்றால் எழும்பி வந்துவிடுங்கள். இரவில் மனம் தாங்காமல் போனால் 1926க்கு எடுக்கலாம், அது தேசிய மனநல நிறுவகத்தின் 24 மணிநேர இலக்கம்.

என்னிடம் வங்கிச் சிலிப்பும் அந்தப் புள்ளித் தாளும் இருக்கின்றன. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டுவிட்டு, முறைப்பாட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதே ஆளிடம் காசு கட்டியவர்கள் இருந்தால் சிலிப்பையும் வட்ஸ்அப் செய்திகளையும் அழிக்க வேண்டாம். எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்த்தே கொடுப்போம்.