விடுமுறைக் காதல் நாவல்களும் செலவைக் கவனிக்கச் சொல்லும் புத்தகங்களும்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

வருடக் கடைசியில் இணையப் புத்தகக் கடையைத் திறந்தால் இரண்டு வகை நூல்கள் முன்னால் வந்து நிற்கும். ஒரு பக்கம் பண்டிகைக் காலத்துக் காதல் நாவல்கள். மறுபக்கம், புது வருடத்திலாவது யோசித்துச் செலவு செய்வோம் என்று நினைப்பவர்களுக்கான புத்தகங்கள். இரண்டையும் ஒரே உரைகல்லில் உரசிப் பார்க்கலாம்: உள்ளே எண் இருக்கிறதா? கதாநாயகியின் பேக்கரிக்கு எவ்வளவு கடன் என்று சொல்லாத நாவல் பாதியிலேயே சலித்துவிடும். பேனாவை எடுத்து ஒரு தொகையையாவது எழுத வைக்காத செலவுப் புத்தகம் படித்த வாரத்திலேயே மறந்துபோகும்.

முதலில் நாவல்கள். ‘ஹாலிடே ரொமான்ஸ்’ என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் வேறு சரக்கு வந்து சேரும். அமெரிக்கப் பதிப்பகங்களுக்கு அது நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் முதல் புத்தாண்டு வரையிலான கதை. அட்டையில் பனியும் சிவப்புக் கதவும் இருக்கும். பிரிட்டனில் ‘ஹாலிடே’ என்றால் விடுமுறைப் பயணம். கிரேக்கத் தீவு, இத்தாலியக் கடற்கரை, இரண்டு வாரக் காதல் என்று போகும். விவரக் குறிப்பில் வரும் மற்றச் சொற்களையும் கவனியுங்கள். ‘ஸ்வீட்’, ‘க்ளீன்’, ‘க்ளோஸ்டு டோர்’ என்றிருந்தால் படுக்கையறைக் காட்சி இருக்காது. ‘ஸ்டீமி’, ‘ஸ்பைசி’ என்றால் விரிவாகவே இருக்கும். பத்தாவது படிக்கும் பிள்ளையும் அதே கிண்டிலில் படிக்கிறது என்றால் இது தெரிந்திருப்பது நல்லது.

அளவையும் பாருங்கள். காதல் நாவலுக்குப் பெயர்போன, 1908-இல் லண்டனில் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தை 1971-இல் கனடாவின் ஹார்லெக்வின் பதிப்பகம் வாங்கியது. அவர்கள் வழக்கப்படுத்திய நாவல் ஏறக்குறைய 50,000 சொல். நிமிடத்துக்கு 200 சொல் படிப்பவருக்கு நான்கு மணி நேரம் சொச்சம். வாடகை நூலகத்தில் மாலையில் எடுத்து மறுநாளே திருப்பிக் கொடுக்க முடிந்தது இதனால்தான். இப்போது மின்நூலாக வரும் பல பண்டிகைக் கதைகள் இதில் பாதிதான் இருக்கும். விலைக்குப் பக்கத்திலேயே பக்க எண்ணிக்கை இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இந்த வகைக் கதைக்கு அச்சாணி, திரும்பிப் போகும் டிக்கெட். எந்தத் தேதியில் கதாநாயகி ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பது முதல் முப்பது பக்கத்துக்குள் தெரிந்துவிட்டால், அதன்பின் ஒவ்வொரு சந்திப்புக்கும் தானாகவே கனம் கூடிவிடும். நல்ல எழுத்தாளர் இதைத் தொழிலோடு பின்னுவார். பேக்கரிக் கதையையே எடுத்துக்கொள்வோம். அடுக்கடுக்காக உப்பும் க்ரோசான் ரொட்டிக்கான மாவை வெண்ணெயோடு மடித்துத் தேய்த்தால், ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னும் அது குளிரில் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிடும், அடுக்கு எழும்பாது. காலை ஏழு மணிக்குக் கடையில் அடுக்கப்போகும் க்ரோசானுக்கு முந்தின நாளே வேலை தொடங்கியாக வேண்டும். தெரிந்தவர் எழுதினால், மாவு குளிரில் கிடக்கும் அந்த அரைமணி நேரத்தில்தான் இருவரும் பேசுவார்கள், மணி அடித்ததும் பேச்சு பாதியில் நிற்கும். தெரியாதவர் எழுதினால் கதாநாயகி எட்டு மணிக்கு எழுந்து வருவாள், தட்டில் எல்லாம் தயாராக இருக்கும்.

பெரும்பாலான நாவல்கள் கோட்டைவிடும் இடம் இரண்டு. முக்கால்வாசிக் கதையில் வரும் பிரிவு, அரைகுறையாகக் காதில் விழுந்த ஒரு பேச்சால் வந்தால் தள்ளிவிடலாம். ஒரு போன் போட்டால் தீர்ந்துவிடக்கூடிய சிக்கலுக்கு ஐம்பது பக்கம் செலவழிப்பது வாசகரின் நேரத்தை மதிக்காத செயல். விசா, வேறு ஊரில் வேலை, படுத்த படுக்கையான அப்பா என்று நிஜத் தடை இருக்கும் நாவலைத் தேடுங்கள். இரண்டாவது கடன். ஊர்த் திருவிழாவில் ஒரே மாலையில் கேக் விற்று பேக்கரியை மீட்டுவிடுவார்கள். கேக் துண்டு 4 பவுண்டு என்றால் 500 துண்டு விற்றாலும் 2,000 பவுண்டுதான் வரும். மாவு, வெண்ணெய், கூலி எல்லாம் கழித்தால் கையில் நிற்பது ஒரு மாத வாடகைக்குக் கூடப் போதாது. இந்தக் கணக்கை ஒரு பத்தியில் நேர்மையாக எழுதிவிட்டு, அதற்கு மேலும் கடையை நடத்த முடிவெடுக்கும் கதாநாயகி மனதில் நிற்பாள்.

இனி செலவுப் புத்தகங்கள். இந்த வகையில் இன்னமும் வாங்கத் தகுந்தது, விக்கி ராபினும் ஜோ டொமிங்கஸும் எழுதி 1992-இல் வந்த ‘யுவர் மனி ஆர் யுவர் லைஃப்’. அதன் ஒன்பது படிகளில் இரண்டாவது படிக்காகவே காசு கொடுக்கலாம். சம்பளத்தை மணிக் கணக்கில் பிரித்து, வேலைக்காகவே ஆகும் செலவை அதில் கழித்து, அதற்காகவே போகும் நேரத்தை வேலை மணியோடு கூட்டச் சொல்கிறது. நம்மூர்ச் சம்பளத்தில் போட்டுப் பார்ப்போம். மாதம் 40,000 ரூபாய், 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் மணிக்கு 200 ரூபாய். பஸ், பெட்ரோலுக்கு 2,500, வெளியில் சாப்பாடு, டீக்கு 3,000, ஆபீஸ் துணிமணி, இஸ்திரிக்கு 1,000, அலுத்து வந்து ஆர்டர் செய்யும் இரவு உணவுக்கு 1,500. எல்லாம் போக மிஞ்சுவது 32,000. நேரத்துக்கு வாருங்கள். போக வர 50 மணி, கிளம்புவதற்கு 25, வீட்டுக்கு வந்தபின் ஆபீஸ் வாட்ஸப்புக்கு 25, அலுப்புத் தீரப் படுத்துக் கிடப்பது 20. ஆபீஸில் இருக்கும் 200 மணியோடு சேர்த்தால் மொத்தம் 320 மணி. வகுத்தால் மணிக்கு 100 ரூபாய் வரும். 1,500 ரூபாய்ப் புடவை 15 மணி நேர உழைப்பு என்று தெரிந்தபின் அதைக் கையில் எடுத்துப் பார்க்கும் விதமே மாறிவிடும். பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நூலும் சொல்கிறது. கொடுத்த உழைப்புக்கு ஈடான நிறைவு கிடைத்ததா என்று மாதக் கடைசியில் ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே குறித்துக்கொள்ளச் சொல்கிறது, அவ்வளவுதான்.

பழைய பதிப்பைப் பழைய புத்தகக் கடையில் எடுத்தால் கடைசிப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். சேமிப்பை அமெரிக்க அரசின் நீண்டகாலப் பத்திரங்களில் போடச் சொல்லும் ஆலோசனை அது. 2018-இல் வந்த திருத்திய பதிப்பில், பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றி முதலீடு செய்யும் இண்டெக்ஸ் ஃபண்டுகளும் வந்துவிட்டன. எதுவானாலும் நம்முடைய பிபிஎஃப், வருங்கால வைப்புநிதிக்கு அதில் விடை கிடைக்காது. வரவையும் செலவையும் இரண்டு கோடுகளாக வரைந்து சுவரில் ஒட்டச் சொல்லும் ஐந்தாம் படியை மட்டும் விட்டுவிடாதீர்கள். வரைபடம் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். ஆப்பில் வைத்தால் ஒருவர்தான் பார்ப்பார்.

அடுத்தது ஜப்பானியக் குடும்பக் கணக்கேடான கக்கேபோ. இதைத் தியானம் போல விற்கும் புத்தகங்கள் நிறைய வருகின்றன. மூலம் அப்படிப்பட்டதில்லை. ஜப்பானின் முதல் பெண் செய்தியாளர்களில் ஒருவரான ஹானி மோதோகோ 1904-இல் வெளியிட்டது, பட்ஜெட் போட்டுத் தொகை எழுதும் கறாரான கணக்கேடு. அவர் தொடங்கிய பத்திரிகை நிறுவனம் இன்றும் அதை வெளியிட்டு வருகிறது. ஆங்கிலத்தில் வரும் புதிய வடிவத்தில் செலவு நான்கு இனமாகப் பிரியும்: அத்தியாவசியம், விருப்பம், பண்பாடு, எதிர்பாராதது. மாதத் தொடக்கத்தில் வரவிலிருந்து நிலையான செலவையும் சேமிப்பையும் கழித்து, மிச்சத்தை வாரங்களுக்குப் பங்கிட வேண்டும்.

தமிழ்நாட்டு வீட்டுக்கு அப்படியே பொருத்தினால் இரண்டாம் மாதமே கணக்கு உதைக்கும். ஏனென்றால் நம்முடைய பெரிய செலவுகள் மாதா மாதம் வருவதில்லை. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பள்ளிக் கட்டணம் டெர்முக்கு ஒருமுறை, இன்சூரன்ஸ் வருடத்துக்கு ஒருமுறை. மொய்யை ‘எதிர்பாராதது’ இனத்தில் எழுதுவது பெரிய தவறு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது, ஆவணியிலும் தையிலும் குவியும். யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பது வீட்டு மொய் நோட்டிலேயே இருக்கிறது. இதைவிட நன்றாக எதிர்பார்க்கக்கூடிய செலவு வேறில்லை.

அதே 40,000 ரூபாய் வீட்டில் போட்டுப் பார்க்கலாம். வாடகை 11,000, கடன் தவணை 5,500, பள்ளி வேன் 1,500, போனும் இணையமும் 1,000. இவை போக 21,000. சேமிப்பு 4,000 எடுத்து வைத்தால் 17,000. புத்தகம் சொன்னபடி நான்கால் வகுத்தால் வாரத்துக்கு 4,250 ரூபாய் என்று தோன்றும். அங்கேதான் சறுக்கல். டெர்ம் கட்டணம் 8,000 வீதம் மூன்று, இன்சூரன்ஸ் 12,000, ஆக வருடத்துக்கு 36,000. மாதத்துக்கு 3,000 தனியாக எடுக்க வேண்டும். 1,600 ரூபாய்க் கரண்ட் பில்லுக்கு மாதம் 800, மொய்க்கு மாதம் 1,200. இந்த 5,000 போனால் கையில் நிற்பது 12,000. அதையும் நான்கால் வகுக்காமல் 30 நாளால் வகுங்கள். நாளுக்கு 400, வாரத்துக்கு 2,800, கடைசி இரண்டு நாளுக்கு 800. மாதத்துக்கு நான்கு வாரம் என்று கொண்டால் 29, 30 தேதிகளில் ஒன்றும் இருக்காது, கைமாற்றுக் கேட்க வேண்டிவரும்.

எழுதுவதிலும் சில இடங்கள் வழுக்கும். ஜிபேயில் போன பணத்துக்குக் கடைப் பெயர்தான் தெரியும், வாங்கிய பொருள் தெரியாது. ஒரே சூப்பர் மார்க்கெட் பில்லில் அரிசியும் ஐஸ்கிரீமும் இருக்கும், பிரித்து எழுதாவிட்டால் எல்லாம் அத்தியாவசியமாகிவிடும். அன்றைய செலவை அன்றிரவே எழுதிவிட்டால் பத்து நிமிட வேலை, ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினால் பாதி நினைவில் இருக்காது. கிரெடிட் கார்டில் வாங்கியதை வாங்கிய அன்றே எழுதிவிட்டு, பில் கட்டும் நாளில் மறுபடி எழுதாதீர்கள், ஒரே செலவு இரண்டு முறை ஏறிவிடும். கொடுத்த கைமாற்றுக்குக் கக்கேபோவில் இனம் கிடையாது. கடைசிப் பக்கத்தில் தனியே எழுதி, திரும்பி வந்ததும் அடித்துவிட வேண்டும். கட்டம் போட்ட கக்கேபோ புத்தகத்தை மின்நூலாக வாங்குவது வீண், பெரும்பாலான கருவிகளில் அதில் எழுத முடியாது. அதைவிட 200 பக்க லாங் சைஸ் நோட்டில் நான்கு கோடு போட்டுக்கொள்வது மேல்.

அமெரிக்க அரசியல்வாதி எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005-இல் எழுதிய நூலால் பரவிய 50, 30, 20 பங்கீட்டையே திருப்பித் திருப்பிச் சொல்லும் புத்தகங்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம். பாதி அத்தியாவசியத்துக்கு, முப்பது சதவீதம் விருப்பத்துக்கு, இருபது சேமிப்புக்கும் கடனுக்கும். இந்த ஒரு வரிக்கு மேல் அவற்றில் சரக்கு இருப்பதில்லை. வாடகையும் தவணையுமே சம்பளத்தில் பாதியைத் தின்னும் வீட்டுக்கு அந்த வரியும் உதவாது.

கக்கேபோவில் எனக்கு மிகவும் மதிப்பு உள்ளது மூன்றாவது இனத்தின் மேல்தான். நாவல், மாத இதழ், சினிமா, கச்சேரி எல்லாம் ‘விருப்ப’த்தில் கரைந்துபோகாமல், பண்பாடு என்ற சொந்தப் பத்தியில் வந்து நிற்கின்றன. சிக்கனம் சொல்லும் மற்ற நூல்கள் கதைப் புத்தகத்தையும் ஆன்லைனில் வாங்கும் காதணியையும் ஒரே கூடையில் போட்டுவிடும். இரண்டும் ஒன்றில்லை. மேலே போட்ட கணக்கில் நாளைக்குப் பத்து ரூபாய் இந்தப் பத்திக்கு ஒதுக்கினால் மாதம் 300. பண்டிகைக் காதல் நாவலுக்கு அதுவே தாராளம். ஒன்று வாங்கி முடித்ததும், பெயருக்குப் பக்கத்தில் விலையையும், எத்தனையாவது பக்கத்தில் டிக்கெட் தேதி வந்தது என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்த டிசம்பரில் அதே எழுத்தாளரின் புதிய புத்தகம் கண்ணில் படும்போது அந்தக் குறிப்பு உதவும்.