பிரிட்டானியரும் அமெரிக்கப் படைவீரர்களும்: 1942 முதல் 1944 வரை

இரண்டாம் உலகப்போரின்போது, 1942 சனவரியில், பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் முதல் அமெரிக்கப் படைவீரர்கள் இறங்கினர். 1944 நடுப்பகுதிக்குள் அவர்கள் ஏறத்தாழ 15 லட்சம் பேராகப் பெருகினர். அறிமுகமில்லாதவரிடமும் உடனே பேச்சுக் கொடுப்பது அமெரிக்கரின் இயல்பு; பழக்கமாகும்வரை ஒதுங்கியிருப்பது ஆங்கிலேயரின் நாகரிகம். இந்த ஒதுக்கத்தைப் பகைமையாகக் கருத வேண்டாம் என்றும், பணப்பெருமை காட்ட வேண்டாம் என்றும் அமெரிக்கப் போர்த்துறை தன் வீரர்களுக்குக் கையேடு வழங்கியது. அது தேவையான அறிவுரையே. 1940 முதல் பங்கீட்டு உணவில் வாழ்ந்த மக்களுக்கு, தங்கள் வீரர்களைவிடப் பல மடங்கு ஊதியம் பெற்றவர்களின் தாராளம் உதவியாகவும் உறுத்தலாகவும் இருந்தது.

ஆழமான வேறுபாடு நிறவெறியில் வெளிப்பட்டது. அமெரிக்கப் படை கறுப்பினத்தவரைத் தனிப்பிரிவுகளாகப் பிரித்தே வைத்திருந்தது; பிரிட்டனிலோ அத்தகைய சட்டம் இல்லை. 1943 சூனில் லங்காஷயரின் பாம்பர் பிரிட்ஜில், மதுக்கூடமொன்றிலிருந்த கறுப்பின வீரர்களை அமெரிக்க இராணுவக் காவலர் கைதுசெய்ய முயன்றபோது, ஊர்மக்கள் அவ்வீரர்களின் பக்கம் நின்றனர். அன்றிரவு மூண்ட துப்பாக்கிச் சண்டையில் ஒரு கறுப்பின வீரர் உயிரிழந்தார். அம்மக்களின் நிலைப்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் பிரிட்டனை முழுவதும் குற்றமற்றதாகக் காட்டுவது நேர்மையாகாது: அதே ஆண்டில் லண்டன் விடுதி ஒன்று, அமெரிக்க விருந்தினர்களைக் காரணம் காட்டி, மேற்கிந்தியக் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைனைத் தங்கவைக்க மறுத்தது. அவர் வழக்குத் தொடுத்து, 1944இல் வென்றார்.