டெல்டா மழையில் எந்த வயலின் தாங்கும்?

மயிலாடுதுறையில் எங்களுடையது வரிசை வீடு. இரண்டு குடும்பத்துக்கு ஒரே சுவர். நாற்பது வயதில் வயலின் பழகப் போகிறேன் என்றதும் பலரும் எலெக்ட்ரிக் வயலினைத்தான் சொன்னார்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டால் யாருக்கும் தொந்தரவில்லை. ஐப்பசி அடைமழையில் மர வயலின் ஒட்டு விட்டுப்போகும், அந்தக் கவலையும் இல்லை என்றார்கள்.

நண்பரின் எலெக்ட்ரிக்கில் இரண்டு மாதம் சரளி வரிசை, அதாவது ஆரம்பப் பாடம், வாசித்தேன். அப்புறம் சாதாரண மர வயலின்தான் வாங்கினேன். இரண்டு மழைக்காலம் கடந்தாகிவிட்டது.

சத்தப் பிரச்சினை சீக்கிரம் தீர்ந்தது. தந்திகளைத் தாங்கும் குதிரையில், சத்தத்தை அடக்கும் ரப்பர் மியூட் ஒன்றைச் செருகினால் போதும்.

முக்கியமானது பராமரிப்பு. ஈரத்துக்கு எலெக்ட்ரிக் நல்லது என்பது பாதிதான் உண்மை. நண்பருடையதிலும் தந்தியை முறுக்கும் பிருடை மரம்தான். மழையில் ஊறி இறுகும், சித்திரை வெயிலில் தளர்ந்து வழுக்கும். வில்லின் முடியும் அதேபோல் ஈரத்தில் தொய்யும். கூடுதலாக பேட்டரி, ஒயர், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப். ஒருநாள் அதில் கரகரவென்று இரைச்சல் வந்தது. பிரித்துப் பார்க்க இங்கே ஆள் கிடைக்கவில்லை, சென்னைக்குத்தான் அனுப்பினார்.

என் வயலினும் முதல் கார்த்திகையிலேயே ஓரத்தில் ஒட்டு விட்டது. பதறிப்போய் தஞ்சாவூரில் வீணை செய்யும் ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோனேன். “ஒட்டு விட்டது நல்லதுதான் சார். விடாம இருந்தா பலகை வெடிச்சிருக்கும்” என்றார். வயலினுக்குப் போடுவது விலங்குத் தோலில் காய்ச்சிய வச்சிரப் பசை. மரம் உப்பும்போது பலகை பிளப்பதற்கு முன் ஒட்டு விட்டுக்கொடுக்க வேண்டும் என்றே அப்படி ஒட்டுகிறார்கள். மறுபடி ஒட்டி இரண்டே நாளில் கொடுத்துவிட்டார். இப்போது மழை தொடங்கினால் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம், வெயிலில் தளர்ந்த பிருடைக்குக் கொஞ்சம் சாக்பீஸ் தூள், அவ்வளவுதான். திருவாரூர் பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சாவூர் வடிவேலுவும் வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்து ஏறக்குறைய 200 ஆண்டு ஆகிறது. அத்தனை வருட மழையிலும் இந்த ஊர்க்காரர்கள் வாசித்தது மர வயலின்தானே.

காதுக்கும் ஒரு லாபம் உண்டு. நம் சுருதியில் தந்திகள் ச, ப, ச, ப. மேல் ஷட்ஜத்தில், அதாவது மேல் ச-வில், விரல் சரியாக விழுந்தால் பக்கத்து ச தந்தி தானே அதிரும். மர வயலினில் அந்த அதிர்வு நெஞ்சில் தெரிகிறது. விரல் மயிரிழை தவறினாலும் அது அடங்கிவிடும். வீட்டில் வாத்தியார் இல்லாத நேரத்தில் எனக்கு அதுதான் வாத்தியார். எலெக்ட்ரிக்கில் தந்தி அதிர்ந்தாலும் வயலினின் உடம்பு பேசவில்லை. ஹெட்போனில் எதிரொலியைச் சேர்த்தால் வில்லின் கீச்சல்கூட மறைந்துவிடுகிறது, பழகுகிறவருக்கு அது நல்லதில்லை.

நான் வாசித்தது விலை குறைந்த எலெக்ட்ரிக் ஒன்றுதான். உயர்ந்த ரகத்தில் இந்தக் குறைகள் குறைவாக இருக்கலாம். ஏற்கெனவே கை பழகி, டிரம்ஸ், கீபோர்டு நடுவே மேடையில் வாசிக்கப் போகிறவர்கள் தாராளமாக அதை வாங்கலாம். சரளி வரிசையில் நிற்கிறவர்கள் மர வயலினையே வாங்குங்கள். வாங்கும் முன் ஊர்ப் பக்கத்தில் ஒட்டத் தெரிந்த ஒரு கையை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.