மெலியேஸா, ஆலிஸ் கீயா?

மௌனப்படம் பார்க்கத் தொடங்குபவர்கள் முதலில் யாரைப் பார்க்கலாம்?

பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியேஸ் மேஜிக் நிபுணர். கேமராவை நிறுத்தி, ஆளை மாற்றி, மறுபடி ஓடவிட்டே மாயம் காட்டினார். 1902-இல் வந்த அவரது நிலவுப் பயணப் படத்தில் நிலவின் கண்ணிலேயே விண்கலம் போய்க் குத்தும். குழந்தைகளோடு பார்க்க அதுதான் சரி.

என் மனசு ஆலிஸ் கீ பக்கம். பிரெஞ்சுப் படத் தயாரிப்பாளர் கோமோனிடம் செக்ரட்டரியாக இருந்தவர், 1896-லேயே படம் இயக்க வந்துவிட்டார். பின்பு அமெரிக்காவில் சொந்த ஸ்டுடியோ. 'இயல்பாக இருங்கள்' என்று அங்கே எழுதி மாட்டியிருந்தார். 1912 படம் ஒன்றில், இலைகள் உதிர்ந்து முடிவதற்குள் அக்கா இறந்துவிடுவாள் என்று டாக்டர் சொல்வதைச் சிறுமி கேட்டுவிடுகிறாள். ராத்திரி தோட்டத்துக்குப் போய், உதிர்ந்த இலைகளை நூலால் கிளையில் கட்டுகிறாள்.

மெலியேஸ் கடைசியில் பாரிஸ் ரயில் நிலையத்தில் பொம்மை விற்றார். ஆனாலும் உயிரோடு இருக்கும்போதே உலகம் அவரைத் தேடி வந்தது. ஆலிஸின் படங்கள் சில வேறு ஆண்களின் பெயரில் பதிவாகின. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.