டிக்கி ஆம்புக்கு எட்டு கேஜா, நாலு கேஜா?

பாளையங்கோட்டையில் என் சித்தப்பா மகன் தன் ஸ்விஃப்ட் காருக்கு ஒரு சப்வூஃபரும் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்), அதை ஓட்ட 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய பவர்) மோனோ ஆம்பும், அதாவது ஒரே சேனல் ஆம்ப்ளிஃபயரும் வாங்கி வந்தான். கூடவே பேட்டரியிலிருந்து ஆம்புக்குக் கரண்ட் கொண்டுபோக, கடையில் இரண்டு வயர் கிட் காட்டியிருக்கிறார்கள். ஒன்று 8 கேஜ், சுத்தச் செம்பு. இன்னொன்று 4 கேஜ், சிசிஏ, அதாவது அலுமினியக் கம்பிக்கு மேல் மெல்லிசாகச் செம்பு பூசியது. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. "அண்ணே, நாலு கேஜ்தானே தடி? அதையே எடுத்துரலாம்லா?" என்று போனில் கேட்டான். நியாயமான கேள்விதான். இதே கேள்வியோடு நிறைய பேர் கடையில் நிற்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும். 8 கேஜின் குறுக்குப் பரப்பு சுமார் 8.4 சதுர மில்லிமீட்டர், 4 கேஜுக்கு 21. நம்மூர் எலெக்ட்ரிகல் கடையில் வயரை ஸ்கொயர் எம்எம் கணக்கில்தான் கேட்போம். அங்கே 10 ஸ்கொயர் என்பது 8 கேஜுக்குப் பக்கத்தில் வரும். 25 ஸ்கொயர் என்றால் 4 கேஜைவிடக் கொஞ்சம் தடி.

ஏன் தடி வேண்டும்? நாங்குநேரிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மீட்டர் ரூமிலிருந்து கிணறு தூரமாக இருந்து, செலவைக் குறைக்க மெல்லிய கேபிள் போட்டுவிட்டால் மோட்டார் உறுமும், தண்ணீர் ஏறாது. வோல்டேஜ் குறையக் குறைய மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்து, கடைசியில் காயில் எரியும். கார் ஆம்பிலும் இதே சங்கதிதான், இன்னும் கடுமையாக. வீட்டில் 230 வோல்டில் ஒரு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. காரில் இருப்பதே 13.8 வோல்ட்.

சரி, கணக்குக்கு வருவோம். கிளாஸ் டி, அதாவது கரண்ட்டை அதிகம் வீணாக்காத வகை ஆம்ப் என்றால் உள்ளே போகும் மின்சாரத்தில் சுமார் 80 சதவீதம் ஸ்பீக்கருக்குப் போகும். 500 வாட் கொடுக்க 625 வாட் இழுக்கும். அதை 13.8 ஆல் வகுத்தால் 45 ஆம்பியர். பழைய கிளாஸ் ஏபி ஆம்ப் என்றால் அதே 500 வாட்டுக்கு 65 ஆம்பியரைத் தாண்டும். பெட்டி மேல் 1500 வாட், 2000 வாட் என்று கொட்டை எழுத்தில் இருப்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆர்எம்எஸ் அளவையும், ஆம்பிலேயே செருகியிருக்கும் ஃபியூஸின் எண்ணையும் பாருங்கள்.

பேட்டரியிலிருந்து டிக்கி வரை, வளைவு நெளிவெல்லாம் சேர்த்து, 5 மீட்டர் வயர். ஓடுவது 50 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 8 கேஜ் செம்பில் வழியிலேயே அரை வோல்ட் போய்விடும். 4 கேஜ் செம்பில் 0.2 வோல்ட்தான். சிசிஏவின் கடத்தும் திறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது. அதனால் 4 கேஜ் சிசிஏ கிட்டத்தட்ட 6 கேஜ் செம்புக்குச் சமம், இழப்பு 0.3 வோல்ட் சொச்சம். 8 கேஜ் சிசிஏ என்றால் 0.8 வோல்ட். அதை 500 வாட் ஆம்புக்குப் போடவே கூடாது.

இந்தக் கணக்கைப் பார்த்தால் தம்பி சொன்னது சரி. உண்மையான 4 கேஜ் சிசிஏ, 8 கேஜ் செம்பை ஜெயித்துவிடும். சிக்கல் அந்த "உண்மையான" என்ற சொல்லில் இருக்கிறது. அந்த 4 கேஜ் கிட்டை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, நுனியில் ரப்பரைச் சீவி, உள்ளே இருக்கும் கம்பிக் கற்றையை வெர்னியரில் அளந்தோம். வெளியே சுண்டுவிரல் தடி, உள்ளே 4 மில்லிமீட்டர். முறையான 4 கேஜில் கற்றை மட்டுமே 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கும். அட்டையில் நாலு, உள்ளே இருந்தது எட்டு, அதுவும் அலுமினியம். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. கூடவே வைத்திருந்த ஃபியூஸோ 100 ஆம்பியர். அந்த வயர் எங்காவது பாடியில் உரசி ஷார்ட் ஆனால், ஃபியூஸ் போகும் முன்பே வயர் தீப்பிடிக்க இடமுண்டு.

அதனால் கேஜைவிட முதலில் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் உலோகம். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். கையில் தூக்கிப் பார்த்தாலும் தெரியும், செம்பு நன்றாகக் கனக்கும்.

நம் பக்கத்துக்கு சிசிஏ பிடிக்காது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாபநாசத்தில் அகஸ்தியர் அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டை அப்படியே டிக்கியில் போட்டுக்கொண்டு வருகிறோம். உவரிப் பக்கத்து வண்டிகள் என்றால் உப்புக்காற்று வேறு. ஈரம் பட்ட இடத்தில் அலுமினியமும் செம்பும் சேர்ந்திருந்தால் அரிப்பு சீக்கிரம் வரும். வெட்டிய நுனியில், லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) கடிக்கும் இடத்தில்தான் முதலில் வெள்ளை பூக்கும். அப்புறம் அங்கேயே சூடாகும்.

கிட் வேண்டாம், எலெக்ட்ரிகல் கடை வயரே போடலாமா என்றும் கேட்கிறார்கள். வீட்டு வயரிங்குக்கான 10 ஸ்கொயர் செம்பு நல்ல செம்புதான். ஆனால் இழைகள் கொஞ்சம் தடி, அவ்வளவாக வளையாது, அதிர்வு தாங்குவதற்காகச் செய்ததுமில்லை. எஞ்சின் சூட்டுக்கும் ஆயிலுக்கும் அதன் பிவிசி உறை ஏற்றதல்ல. வெல்டிங் கேபிள் எவ்வளவோ மேல். மெல்லிய இழைகள், ரப்பர் உறை, துணிபோல வளையும். அதிலும் அலுமினியம் விற்கிறார்கள், கேட்டு வாங்க வேண்டும்.

சீட்டுக்கு அடியில் வைக்கும் சின்ன நாலு சேனல் கிளாஸ் டி ஆம்ப், மொத்தம் 200, 250 வாட் என்றால் 8 கேஜ் செம்பு தாராளம். அதற்கு 4 கேஜ் இழுப்பது வீண். ஆயிரம் வாட் ஆர்எம்எஸ்ஸைத் தாண்டினால் 0 கேஜ். ஆனால் அங்கே வயருக்கு முன், எஞ்சின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 8 கேஜிலிருந்து 4 கேஜுக்கு மாறினால் சத்தம் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில சதவீத வாட் வித்தியாசத்தைக் காது பிரித்தறியாது. தவில் அடி விழும் நொடியில் ஆம்ப் திணறாமல் இருப்பதும், கார்பெட்டுக்கு அடியில் வயர் சுடாமல் இருப்பதும்தான் லாபம். பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்கினால் அதையும் தடி வயர் சரிசெய்யாது. அது பேட்டரி, ஆல்டர்னேட்டர் விஷயம்.

தம்பிக்கு இரண்டு கிட்டுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 4 கேஜ் செம்பு வயரை மீட்டர் கணக்கில் வாங்கினோம். ஐந்து மீட்டர் பிளஸ்ஸுக்கு, அரை மீட்டர் எர்த்துக்கு. எர்த் வயரும் அதே தடிதான் இருக்க வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவினோம். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள். ஆம்ப் இழுப்பு 50க்குள் என்பதால் 60 ஆம்பியர் ஃபியூஸே போட்டோம். ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயரை, பிளஸ் வயருக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோனோம், இல்லாவிட்டால் எஞ்சின் இரைச்சல் பாட்டில் கேட்கலாம்.

ஏற்கெனவே வயர் போட்டவர்கள் மல்டிமீட்டரை எடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, பேஸ் கனமான பாட்டைப் போட்டு, பேட்டரி முனையிலும் ஆம்ப் முனையிலும் வோல்டேஜைப் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்டைத் தாண்டினால் வயரையோ எர்த்தையோ மாற்ற வேண்டும். தம்பி வண்டியில் கால் வோல்ட்டுக்குள் நின்றது.